தண்ணீர் படாத தூண்டிலுக்கு இத்தனை மரியாதையா?

ஒரே தொழிற்சாலையில், ஒரே வருடத்தில், ஒரே மாதிரி கடைந்தெடுத்த இரண்டு மர மீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடுவிரல் நீளம்தான். இரண்டுக்கும் கண்ணாடிக் கண்கள், வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள். ஒன்று நாற்பது வருடம் ஏரியில் நீந்தியது. அதன் முதுகில் பைக் மீனின் பல் பதிந்த குழிகள் இருக்கின்றன. முள் ஆடி ஆடி வயிற்றுச் சாயத்தில் அரைவட்டமாகக் கோடு விழுந்திருக்கிறது. உடைந்த வால் முள்ளுக்குப் பதிலாக யாரோ வேறு முள்ளை மாட்டியிருக்கிறார்கள். இன்னொன்று கடையிலிருந்து வந்த நாள் முதல் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. தண்ணீர் எப்படியிருக்கும் என்றே அதற்குத் தெரியாது.

இரண்டில் எதற்கு விலை அதிகம்?

இரண்டாவதற்குத்தான். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை, பல மடங்கு. முதலாவதை விற்பவர் கூச்சத்தோடு மேசை ஓரத்தில், 'எது எடுத்தாலும் இவ்வளவு' என்கிற குவியலில் போட்டு வைப்பார். இரண்டாவது கண்ணாடிப் பேழைக்குள் பட்டுத்துணி மேல் படுத்திருக்கும்.

அமெரிக்காவில் பழைய மரத் தூண்டில் சேகரிப்பவர்களின் உலகம் இப்படித்தான் இயங்குகிறது. இவற்றை ஆங்கிலத்தில் லூர் என்பார்கள். புழு, தவளை, குஞ்சுமீன் போல வேஷம் போட்டு மீனை ஏமாற்றும் பொய்யிரை. பார்ப்பதற்குச் சாதுவான, யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கு. 'நாலு பேர் பழைய மரத்துண்டு சேர்த்தால் உலகம் என்ன முழுகிவிடப் போகிறது?' என்று கேட்கலாம். உலகம் முழுகாதுதான். ஆனால் ஒரு வரலாறு முழுகிக்கொண்டிருக்கிறது. அதை நேசிப்பதாகச் சொல்கிறவர்களே அதை முழுகடிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

முதலில் கொஞ்சம் கதை

மிச்சிகன் மாநிலத்தில் டொவாஜியாக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜேம்ஸ் ஹெட்டன் என்று ஒருவர் இருந்தார். தேனீ வளர்ப்பில் பேர் வாங்கியவர். 1890களில் ஒருநாள் ஊரின் ஆலைக் குளத்தங்கரையில் நண்பருக்காகக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் கத்தியால் ஒரு குச்சியைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். செதுக்கி முடித்த துண்டைத் தண்ணீரில் எறிந்ததும் ஒரு பாஸ் மீன் பாய்ந்து அதை அடித்ததாம். வெறும் கட்டையையே அடிக்கிறதே, முள் வைத்தால் என்ன என்று தோன்றியதில் பிறந்ததுதான் ஹெட்டன் நிறுவனம் என்பது அந்த ஊர் ஐதீகம். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். கையால் தவளைகளைச் செதுக்கி நண்பர்களுக்குக் கொடுத்தார் என்பதும், 1900களின் தொடக்கத்தில் அது குடும்பத் தொழிலாகி, பிறகு பெரிய ஆலையாக வளர்ந்தது என்பதும் மட்டும் நிஜம்.

ஹெட்டனுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகப் பலர் கிளம்பினார்கள். 1883லேயே நியூயார்க் மாநிலத்து ஹாரி காம்ஸ்டாக் மரத்தில் ஒரு பூச்சி வடிவத் தூண்டிலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக்ரன் நகரத்தில் ஃப்ளூகர், கலமசூவில் ஷேக்ஸ்பியர் (நாடகம் எழுதியவர் அல்ல, ரீல் செய்தவர்), சவுத் பெண்ட் நகரில் அதே பெயரில் ஒரு நிறுவனம், இண்டியானாவின் காரெட் என்ற ரயில்வே ஊரில் கிரீக் சப். இவற்றோடு ஹெட்டனையும் சேர்த்து 'பெரிய ஐவர்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள்.

இவர்கள் செய்தது லேசான வேலை இல்லை. கட்டையைக் கடைசலில் உருட்டி, தேய்த்து, அடிப்பூச்சு பூசி, உலர்த்தி, மறுபடி தேய்த்து, மேலே பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்ற வேண்டும். கண்ணாடிக் கண்ணைக் குழியில் பதித்து ஒட்ட வேண்டும். கிரீக் சப்காரர்களின் செதில் வேலை இன்னும் அழகு. மர உடம்பின் மேல் வலைத்துணியைப் போர்த்தி, அதன் மேல் சாயத்தைப் பீச்சுவார்கள். துணியை எடுத்தால் மீன் செதில் அச்சாகப் பதிந்திருக்கும். மீன் பிடிக்கிற வலையின் தம்பி மாதிரி ஒரு துணி, பொய் மீனுக்குச் செதில் கொடுத்தது!

அந்தச் சாயத்தைப் பூசிய கைகளில் பெண்களின் கைகளும் நிறைய உண்டு. கேட்லாக்கில் முதலாளியின் படம் இருக்கிறது, காப்புரிமைத் தாளில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கிறது. பூசியவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவர்கள் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தச் சாயம்தான்.

1930களில் ஹெட்டனே பிளாஸ்டிக்கில் இறங்கினார்கள் ('ஸ்பூக்' என்று பெயர் வைத்தார்கள், பேய் மாதிரி ஒளி ஊடுருவும் உடம்பு). இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிளாஸ்டிக் அலை அடித்ததில் மரம் ஒதுங்கியது. பழைய நிறுவனங்கள் கைமாறின. டொவாஜியாக்கிலும் காரெட்டிலும் அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. மிச்சம் இருப்பது செத்துப்போன தாத்தாக்களின் தூண்டில் பெட்டிகள் மட்டும்.

மதிப்பெண் போடும் வாத்தியார்கள்

1976ல் நேஷனல் ஃபிஷிங் லூர் கலெக்டர்ஸ் கிளப் தொடங்கியது. 1980ல் கார்ல் லக்கி என்பவர் பழைய தூண்டில்களை அடையாளம் காணவும் விலை சொல்லவும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். 1995ல் ஈபே வந்தது. அதுவரை பரணில் தூங்கிய சாமானுக்கெல்லாம் நாடு முழுக்க வாங்குபவர் கிடைத்தார். 2003ல் ஒரு ஏலத்தில் ஹாஸ்கெல் மின்னோ என்ற தூண்டில் 1,01,200 டாலருக்குப் போனது. அது செம்பில் செய்தது, மரமில்லை. 1859ல் காப்புரிமை பெற்ற சாமான். ஆனால் அந்த விலை மரத்தூண்டில்காரர்களின் கண்ணையும் அகல வைத்தது.

பணம் வந்தால் கூடவே அளவுகோலும் வர வேண்டுமே. வந்தது. பயன்படுத்தாததாக, பெட்டியோடு இருந்தால் முதல் ரேங்க். சாயம் கொஞ்சம் உதிர்ந்தால் ஒரு படி கீழே. வெடிப்பு இருந்தால் இன்னும் ஒரு படி. முள் மாறியிருந்தால், உலோகத் துண்டு மாறியிருந்தால், பல் தடம் இருந்தால் சறுக்கிச் சறுக்கிக் கடைசி பெஞ்சு.

இந்த அளவுகோல் எதை அளக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பொருள் தன் வேலையை எவ்வளவு குறைவாகச் செய்தது என்பதை அளக்கிறது. எவ்வளவு சோம்பேறியோ அவ்வளவு மார்க்! பள்ளிக்கூடமே போகாத பையனின் சட்டையில் மைக்கறை இல்லை என்று அவனுக்கு முதல் பரிசு கொடுப்பது மாதிரி.

கூத்தின் உச்சம் அட்டைப் பெட்டி. தூண்டிலே இல்லாத வெறும் பழைய பெட்டிக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஏன்? தன்னிடம் இருக்கும் தூண்டிலை அதற்குள் போட்டு வைத்தால் ஜோடி சேர்ந்து மதிப்பு ஏறும். அதாவது எங்கோ ஓர் ஊரில் ஒருவர் வாங்கிய பெட்டியும், வேறு ஊரில் வேறு ஒருவர் வாங்கிய தூண்டிலும், எழுபது எண்பது வருடம் கழித்து ஒரு வியாபாரியின் மேசையில் 'பிறந்ததிலிருந்து பிரியாத ஜோடி' ஆகின்றன. இதற்குப் பெயர் வரலாற்றைக் காப்பாற்றுவதா, வரலாற்றைத் தயாரிப்பதா?

ஒரு டாலர் தூண்டிலும் ஓர் உலக சாதனையும்

1932 ஜூன் 2. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி. மழையால் அன்றைக்கு ஏர் ஓட்ட முடியவில்லை. நண்பரோடு மாண்ட்கோமரி ஏரி என்ற தேங்கலுக்கு மீன் பிடிக்கப் போனார். ஏரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், ஆறு திசை மாறியபோது விட்டுப்போன பழைய வளைவு. இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பு, ஒரே தூண்டில். மாறி மாறி வீசினார்களாம். கிரீக் சப் கம்பெனியின் மரத்தூண்டில் அது.

அன்று பெர்ரி பிடித்த பாஸ் மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் பத்து கிலோவைத் தாண்டும். தபால் நிலையத் தராசில் நிறுத்தார்கள். பத்திரிகைப் போட்டியில் 75 டாலர் பெறுமான சாமான்கள் பரிசாகக் கிடைத்தன. மீனை? வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள், வேறென்ன. 77 வருடம் அந்த எடையை யாராலும் எட்ட முடியவில்லை. 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன்தான் அதைச் சமன் செய்தது.

இப்போது அந்த மரத்தூண்டிலை, யாருடையது என்று சொல்லாமல், இன்றைய மதிப்பெண் மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு டாலர் தூண்டில். அந்த வருடங்களில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் விவசாயக் கூலிக்கு ஒரு முழுநாள் வேலைக்கு ஒரு டாலர் கிடைப்பதே அபூர்வம். ஆகவே அது கீறல் விழ விழ, சாயம் போகப் போக, இரண்டு பேர் கை மாறி மாறி வீசியிருக்கும் சாமான். மேசைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, 'சுமார்' என்று எழுதிக் குவியலில் போட்டிருப்பார்.

'பெர்ரியுடையது என்று நிரூபித்தால் லட்சக்கணக்கில் கொடுப்பார்களே!' என்று ஒருவர் சொல்லக்கூடும். கொடுப்பார்கள்தான். விஷயமே அங்கேதான் இருக்கிறது. கீறலுக்குப் பின்னால் இருக்கும் கதைக்கு மதிப்பு உண்டு என்பது இந்தச் சந்தைக்கு நன்றாகவே தெரியும். ஹெட்டன் கையால் செதுக்கிய தவளைகளில் தப்பிப் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றைச் சேகரிப்பாளர்கள் சாமி மாதிரி பார்க்கிறார்கள். அவை நண்பர்கள் தண்ணீரில் வீசி மீன் பிடித்த தவளைகள்தானே? அவற்றின் முன்னால் நின்று 'சாயம் போயிருக்கிறதே' என்று யாராவது முகம் சுளிப்பார்களா? மாட்டார்கள். அப்படியானால் பிரபலமானவரின் கீறல் வரலாறு, ஊர் பேர் தெரியாத ஆளின் கீறல் சேதாரம். இதுதான் கணக்கு. இந்தக் கணக்கைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

பெட்டியைப் பிரிப்பது என்பது புத்தகத்தைக் கிழிப்பது

ஒரு கிழவரின் தூண்டில் பெட்டி என்பது வெறும் சாமான் மூட்டை இல்லை. அது ஒரு நாட்குறிப்பு. அவர் எந்த வகைத் தண்ணீரில் மீன் பிடித்தார், ஆழமா, பாசி மண்டிய ஓரமா, எந்த மீனைத் தேடினார், எந்த வருடம் கையில் காசு இருந்தது, எந்த வருடம் இல்லை... எல்லாம் அதில் இருக்கும். புதுத் தூண்டில் வாங்க வக்கில்லாதபோது சாயம் போன பழசுக்கு வீட்டுக் கதவுக்கு அடித்த பெயிண்டையோ மனைவியின் நகப்பூச்சையோ பூசியிருப்பார். ஆழத்துக்குப் போகட்டும் என்று வயிற்றில் ஈயம் சொருகியிருப்பார். ஒரே மாதிரித் தூண்டில் நாலைந்து இருந்தால், அதுதான் அந்த ஏரியில் வேலை செய்தது என்று அர்த்தம். புத்தம் புதிதாக ஒன்று மூலையில் கிடந்தால், அது வேலைக்கு ஆகவில்லை என்று அர்த்தம்!

ஆமாம், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று பெட்டியோடு மின்னிக்கொண்டிருக்கும் முதல்தரத் தூண்டில்களில் எத்தனை, மீனே சீண்டாததால் ஒதுக்கிப் போடப்பட்டவை? நல்ல தூண்டில் தேய்ந்தது, பாறையில் மாட்டி அறுந்தது, பெரிய மீனோடு போனது. உதவாதது உயிரோடு இருக்கிறது. தோற்றுப்போனவர்களை வரிசையாக நிறுத்திவைத்து, இதுதான் அந்தக் காலத்துப் படை என்று சொல்வது எப்படிப்பட்ட வரலாறு?

இப்போது அந்தக் கிழவர் போய்விட்டார். பாட்டி வீட்டைக் காலி செய்கிறார். வாசலில் பழைய சாமான் விற்பனை. காலையில் முதல் ஆளாக ஒருவர் வருகிறார். பெட்டியைத் திறக்கிறார், கண்ணாடிக் கண்ணைப் பார்க்கிறார், முள்ளைத் தாங்கும் உலோகக் குழியைப் பார்க்கிறார். அது எந்த வருடத்து வேலை என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. முகத்தில் எதையும் காட்டாமல், "மொத்தமா இருபது டாலர் தர்றேன், எடுத்துக்கவா?" என்கிறார். பாட்டிக்கு இருபது டாலர் சந்தோஷம். வீட்டுக்குப் போனதும் பெட்டி பிரிக்கப்படுகிறது. நல்ல இரண்டு தனித்தனியாக ஏலத்துக்கு, சுமாரானவை ஒரு பொட்டலமாக ஈபேக்கு, காலிப்பெட்டி வேறொருவருக்கு, மிச்சம் குப்பைக்கு. கிழவர் பெயர் என்ன, எந்த ஏரி, எந்த வருடங்கள் என்று ஒரு கேள்விகூட இல்லை. கேட்டால் பாட்டி உஷாராகிவிடுவாரே!

இது திருட்டு இல்லைதான். சட்டப்படி வியாபாரம். ஆனால் அகழ்வாராய்ச்சி செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பானை ஓடு எந்தக் குழியில், எந்த மட்டத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று எழுதாமல் பிடுங்கி எடுத்தால், அந்த ஓட்டின் பாதி உயிர் போய்விட்டது என்பார்கள். பெட்டியைப் பிரிப்பவர் செய்வதும் அதேதான். குழியின் ஆழம்தான் குறைவு.

சுத்தம் கேட்டால் சுத்தமான போலி கிடைக்கும்

சந்தை எதற்குக் காசு கொடுக்கிறதோ அதைத்தான் உலகம் உற்பத்தி செய்யும். பல் தடம் பதிந்த தூண்டிலைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, அதில் லாபம் இல்லை. பளபளப்பைத்தான் போலி செய்கிறார்கள். பழைய உடம்பைச் சுரண்டி, அபூர்வமான நிறத்தில் திரும்பப் பூசி, புது மெருகில் செயற்கை வெடிப்பு உண்டாக்கி, வண்ண நகல் எடுத்த பெட்டிக்குள் படுக்க வைக்கிறார்கள். அதனால்தான் இன்று சேகரிப்பாளர் சட்டைப்பையில் புற ஊதா விளக்கோடு திரிகிறார். புதுச் சாயமும் பழைய சாயமும் அந்த வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியுமாம். பொழுதுபோக்குக்குப் போனவர் கள்ள நோட்டுப் பிடிக்கும் அதிகாரி ஆகிவிட்டார்.

இதில் உண்மையான நஷ்டம் ஏமாந்தவரின் பணம் இல்லை. சுரண்டப்பட்ட அந்தப் பழைய சாயம்தான். அது காரெட்டிலோ டொவாஜியாக்கிலோ ஒரு தொழிலாளி பூசியது. பெயர் தெரியாத அந்தக் கையின் ஒரே தடம். அதற்கு மேலே ஒரு தாத்தாவின் கீறல்கள். இரண்டையும் மணல்தாளால் தேய்த்துக் குப்பையில் தட்டிவிட்டு, மேலே ஒரு பொய்யைப் பூசி, அதற்கு 'மின்ட்' என்று பெயர் சூட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு... ஆனால்

சேகரிப்பாளர்கள் மட்டும் இல்லையென்றால் இந்தத் தூண்டில்கள் எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும் என்பார்கள். சத்தியமான வார்த்தை. பெரிய அருங்காட்சியகங்கள் ஏறிட்டும் பார்க்காத காலத்தில் கேட்லாக்குகளைத் தேடி, காப்புரிமைத் தாள்களைப் புரட்டி, எந்த உலோகக் குழி எந்த வருடத்தது என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான். டொவாஜியாக்கில் ஹெட்டனுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருப்பதும் இப்படிப்பட்ட ஆர்வலர்களால்தான். அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் கன்றுக்குட்டியை வெள்ளத்திலிருந்து காப்பாற்றியவருக்கு, அதைக் கூறுபோட்டு விற்கும் உரிமையும் சேர்ந்து வந்துவிடுமா?

பயன்படுத்தாதது இருந்தால்தானே அசல் நிறம் என்னவென்று தெரியும் என்பார்கள். இதுவும் சரி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்றிரண்டு மாதிரி கட்டாயம் வேண்டும், பத்திரமாக வேண்டும். ஆனால் மாதிரி என்பது அளவு பார்க்க. அகராதி வேண்டும் என்பதற்காக, வீட்டில் அகராதிகளை மட்டும் வாங்கி அடுக்கிக்கொண்டு, கதைப் புத்தகங்களை எடைக்குப் போடுகிறவரை வாசகர் என்று யாரும் சொல்வதில்லை.

அபூர்வத்துக்கு விலை அதிகம், இதில் என்ன தப்பு என்பார்கள். பெட்டியோடு இருப்பது அபூர்வம், ஒத்துக்கொள்வோம். ஆனால் யாருடைய தூண்டில், எந்த ஏரி, எத்தனை வருடம், யார் பழுது பார்த்தது என்ற விவரத்தோடு இருக்கும் கீறல் விழுந்த தூண்டில் எத்தனை இருக்கிறது? அது இதைவிடப் பெரிய அபூர்வம். அபூர்வமாக்கியது யார்? பெட்டியைப் பிரித்தவர்கள்தான்.

என் காசு, என் பொருள், எனக்கு மினுமினுப்புப் பிடிக்கும், உனக்கென்ன என்பார்கள். இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் பதில் கிடையாது. ரசனைக்குச் சட்டம் போட முடியாது. அழகான பொம்மை பிடிக்கும் என்று சொல்லி வாங்குகிறவர் நேர்மையானவர், வாழ்க. வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்று மேடையில் சொல்லிக்கொண்டு அதையே செய்கிறவரிடம்தான் சண்டை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நாலே நாலு காரியம்.

ஒன்று. பெட்டி கைக்கு வந்ததும், எதையும் தொடாமல், திறந்தபடி ஒரு போட்டோ. கையில் இருக்கும் செல்போனே போதும். பிறகு மூன்று கேள்விகள்: யாருடையது, எந்தத் தண்ணீர், எந்த வருடங்கள்? இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒவ்வொரு தூண்டிலோடும் கட்டி அனுப்பலாம். பத்து நிமிட வேலை. பெட்டியைப் பிரித்தே தீர வேண்டும் என்றால்கூட, கதை தூண்டிலோடு போகும்.

இரண்டு. பாட்டியிடம் உண்மை விலையைச் சொல்வது. லாபம் வைத்துக்கொள்ளட்டும், யாரும் தர்மம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் பெறும் பொருளை இருபதுக்குக் கேட்கும்போது கைக்காரனாக இருப்பதற்கும் கைவரிசை காட்டுவதற்கும் நடுவே உள்ள கோடு அழிந்துவிடுகிறது. விலை மறைக்கிற அவசியம் போய்விட்டால் கேள்வி கேட்கிற பயமும் போய்விடும். இரண்டாவதைச் செய்தால் முதலாவது தானாக வரும்.

மூன்று. திரும்பச் சாயம் பூசுகிறவர் அழியாத குறி ஒன்றைக் கட்டையிலேயே பதிக்க வேண்டும். நேர்மையான பல கைவினைஞர்கள் பெயரும் வருடமும் போட்டுத்தான் தருகிறார்கள். குறி இல்லாத மறுபூச்சை மேசையில் வைக்கவே விடக்கூடாது.

நான்கு. மதிப்பெண் அட்டையில் இன்னொரு பத்தி. 'சாயம் எவ்வளவு போனது' என்பதோடு, 'எதனால் போனது' என்றும் எழுதட்டும். மீன் பல்லா, முள் உரசியதா, வெயிலா, பெட்டியில் பக்கத்திலே கிடந்த ரப்பர் புழு உருகி ஒட்டியதா? எல்லாம் வேறு வேறு கதை. இன்றைக்கு எல்லாமே ஒரே சொல்லில் 'டேமேஜ்'. பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம்.

இந்த அவசரம் ஏன் என்று கேட்டால், காலம் கடந்துகொண்டிருக்கிறது. மரத்தூண்டிலை வீசிய தலைமுறையில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர்கள் பக்கத்தில் படகில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது. அந்தத் தூண்டில் எந்த ஏரியில் எந்தப் பாசி ஓரத்தில் வேலை செய்தது என்று சொல்லக்கூடிய கடைசி வாய்கள் அவை. மினுமினுக்கும் தூண்டில் எங்கேயும் ஓடிவிடாது. இன்னும் நூறு வருடம் பெட்டிக்குள் பத்திரமாகப் படுத்திருக்கும், அது பழகியது அதுதானே. ஓடிக்கொண்டிருப்பது கதை.

ஒரு கட்டைத் துண்டைத் தண்ணீரில் எறிந்தபோது மீன் வந்து அடித்ததால் பிறந்த தொழில் இது. அந்த அடியின் தடத்தையே குறை என்று எழுதி மார்க் குறைக்கிறவருக்கு அலமாரி நிறையச் சாமான் இருக்கலாம். அந்த ஏரியின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவரிடம் இல்லை.